கொப்பி வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்: மேன்முறையீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டக்களப்பில் ஓர் இளம் சட்டத்தரணி, தண்டனை பெற்றவரின் குடும்பத்தாரிடம், "தீர்ப்புக் கொப்பி வரட்டும், வாசித்துப்போட்டு அப்பீல் போடுவோம்" என்று சொல்வதைக் கேட்டேன். நெஞ்சு பதறியது. 20 வருடங்களுக்கு முன் நானும் இதே வார்த்தையைச் சொன்னவன்.

கொப்பிக்காகக் காத்திருப்பது

மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 331ஆம் பிரிவு தருவது 14 நாட்கள். தீர்ப்புச் சொன்ன நாளே முதல் நாள். ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் வராதுதான், ஆனால் அதை நம்பி நாளைத் தள்ளாதீர்கள்.

அன்று என்னிடம் வந்தது களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பொடியன் ஒருவனின் வழக்கு. அவனுடைய அக்கா நாலு தரம் பஸ் ஏறி வந்து, "சேர், தம்பிட கொப்பி வந்திட்டா?" என்று கேட்டார். அது வந்தபோது நாள் கடந்துவிட்டது. அப்புறம் மீளாய்வு மனு போட்டோம். மேன்முறையீடு உரிமை; மீளாய்வு என்பது நீதிமன்றத்தின் தற்றுணிபு, அதாவது ஏற்பதும் விடுவதும் நீதிமன்றத்தின் விருப்பம். விதிவிலக்கான சூழ்நிலையைக் காட்ட வேண்டும், ஏன் உரிய காலத்தில் அப்பீல் போடவில்லை என்பதற்கும் பதில் வேண்டும். "கொப்பி கிடைக்கவில்லை" என்ற என் பதில் எடுபடவில்லை. இருட்டில் ஆளை அடையாளம் கண்டதாகச் சொன்ன சாட்சியை எப்படி நம்பலாம் என்பதுதான் எங்கள் வாதம். அதை யாரும் கேட்கவேயில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

ஆகவே மேன்முறையீட்டு மனுவை முதல் வாரத்திலேயே தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தின் பதிவாளரிடம் கொடுத்துவிடுங்கள். தெரிந்த காரணங்களை எழுதி, மற்றவற்றை வழக்கேடு கிடைத்த பின் விவாதத்தில் முன்வைப்போம் என்று ஒரு வரி சேருங்கள். சட்டத்தரணி பிடிக்கக் காசில்லாதவர், அதே 14 நாட்களுக்குள் சிறை அதிகாரியிடம் தன் விருப்பத்தையும் காரணத்தையும் சொன்னால் போதும். மனுவைத் தயாரித்து அனுப்புவது அந்த அதிகாரியின் கடமை என்று அதே பிரிவு சொல்கிறது. எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்?

கருணை மனுவை அப்பீலாக நினைப்பது

மன்னிப்புக் கேட்டு ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினாலும் அப்பீலுக்கான 14 நாள் கணக்கு நிற்காது.

மனுவோடு கொழும்புக்கு ஓடுவது

கல்முனை நீதவான் நீதிமன்றத் தீர்ப்பென்றால் அப்பீல் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். மேல் நீதிமன்றத் தீர்ப்பென்றால் கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. ஆனால் இரண்டிலும் மனுவைக் கையளிப்பது தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தில்தான். அதற்காக இரவு ரயில் ஏறத் தேவையில்லை.

தண்டனை குறையும் என்று மட்டும் சொல்வது

336ஆம் பிரிவின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைக் கூட்டவும் முடியும். அப்பீல் முடியும்வரை பிணையில் வெளியே நிற்கும் நாட்கள் தண்டனையில் கழியாது. கையெழுத்து வாங்குமுன் இந்த இரண்டையும் சிறைச்சாலைக்குப் போய் தண்டனை பெற்றவரிடமே சொல்லுங்கள். வெளியில் காசு கட்டும் மாமாவிடம் சொன்னால் போதாது. உள்ளே இருக்கப்போகிறவர் அவர்தான்.