கீழ்த்தந்தியிலிருந்து தொடங்குதல்: பேஸ் கித்தார் கலைஞர் இசைப்பதிவுத் தயாரிப்பாளர் ஆவது எப்படி?

நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்றே பொருள் கொள்வார்கள். இசைப்பதிவில் அவர் வேறு ஆள். எந்தச் சுருதியில் பாடுவது, யார் வாசிப்பது, யார் எங்கே நிறுத்துவது, எந்த ஒலி எவ்வளவு கேட்க வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பவர் அவரே. தாளத்தையும் சுரத்தையும் ஒரே நேரத்தில் கவனித்தே வாசித்துப் பழகிய பேஸ் கித்தார் (தாழ்ந்த சுரங்களை எழுப்பும் கித்தார்) கலைஞருக்கு இந்த வேலை இயல்பாகவே கைவருகிறது. பேஸ் கலைஞராகவும் தயாரிப்பாளராகவும் விளங்கும் அமெரிக்கர் பில் லாஸ்வெல் இதற்குச் சான்று. ஜாஸ் பியானோ மேதை ஹெர்பி ஹான்காக்கின் கீபோர்டையும் இசைத்தட்டைக் கையால் தேய்த்தெழுப்பும் ஹிப்ஹாப் ஒலியையும் 1983இல் வெளிவந்த 'ராக்கிட்' என்ற இசைத்துண்டில் இணைத்தவர்களுள் அவர் ஒருவர். பின்னாளில் ஜாகிர் உசேனுடன் 'தப்லா பீட் சயன்ஸ்' என்ற குழுவிலும் வாசித்தார். அத்தகைய பாதையைக் கடலூரிலோ புதுச்சேரியிலோ தொடங்க விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், அருகிலுள்ள ஒரு தெருக்கூத்துக் குழுவுடன் உட்கார்ந்து வாசியுங்கள். ஹார்மோனியம், முகவீணை, மத்தளம், டோலக், தாளம் ஆகியவை சேர்ந்த அந்த மேளத்தில் மேல் ஒலிகள் நிறைந்திருக்கும். கீழே மத்தளத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாம் காலியிடம். ஆகவே தொப்பி விழும் இடத்தில் உங்கள் சுரத்தை நீட்டாமல் விட்டுக்கொடுத்து, அது ஓய்ந்த இடத்தில் நுழைய வேண்டும். பாடகர் இரண்டு கட்டையில் (மேற்கத்திய D சுருதியில்) பாடுகிறார் என்றால், நான்கு தந்தி பேஸின் அடித்தந்தியை ஒரு முழுச் சுரம் தளர்த்திவிடுங்கள். வெறும் தந்தியே கீழ் சட்ஜமாகவும், அடுத்த தந்தி பஞ்சமமாகவும், மூன்றாவது தந்தி மீண்டும் சட்ஜமாகவும் அமைந்துவிடும். செல்பேசிச் செயலியைப் பார்த்துச் சுருதி சேர்க்க வேண்டாம். பழைய ஹார்மோனியம் அந்தச் செயலிக்குக் கட்டுப்பட்டதல்ல. இது தெரியாமல் ஓர் இரவு முழுவதும் நான் பதிந்தது வீணாயிற்று.

இசை வகைகளைக் கலப்பதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, மேலே ஒரு புல்லாங்குழலையோ ஒரு பறையையோ ஒட்டவைத்துவிட்டுக் கலப்பிசை என்று பெயரிடுவதுதான். கேட்பவரின் காது எதை ஆதார சுருதி என்று நம்புகிறதோ, அதைப் பொறுத்தே மேலே ஒலிக்கும் ராகம் மாறும். அந்த நம்பிக்கையை எளிதில் அசைக்கக்கூடியது கீழ்த்தந்தி. மோகனத்தில் ஒருவர் பாடும்போது தம்பூராவை நிறுத்திவிட்டு, பேஸில் ரிஷபத்தை மட்டும் நெடுநேரம் பிடித்துப் பாருங்கள்: அதே சுரங்கள் மத்தியமாவதியாகக் கேட்கத் தொடங்கும். காந்தாரத்தைப் பிடித்தால் இந்தோளம் தோன்றும். நம் இசையறிஞர்கள் கிரகபேதம் என்று அழைப்பது இதைத்தான். எனவே ராக் அல்லது ரெகே பாணியில் அடிச்சுரங்களை நகர்த்துவதற்கு முன், ஒவ்வொரு நகர்வும் பாடகரின் ராகத்தை எங்கே கொண்டுபோகிறது என்று பாடிப் பார்த்துக்கொள்ளுங்கள். பாடகருக்கு அது உவப்பாக இல்லையென்றால், நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பதிவின்போது பேஸின் மின்னொலியைப் பதிவுக் கருவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் வழியாக நேரடியாக ஒரு தடத்திலும், ஆம்ப்ளிஃபயர் முன் வைத்த மைக் வழியாக இன்னொரு தடத்திலும் எடுத்துக்கொள்வது நல்லது. வழக்கமாகச் சேர்க்கப்பட்ட பேஸின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அதை எழுப்ப முடியாது. ஆனால் 82, 123 ஹெர்ட்ஸ் என மடங்குகளாக ஏறிச்செல்லும் அதன் மேலொலிகளில் உயர்ந்தவை ஓரளவு கேட்டாலே, இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்கிறது. ஆகையால் பேஸ் தடத்தின் படியொன்றை எடுத்து, அதன் அடியொலியை வெட்டி, இலேசாகக் கரகரப்பூட்டி மூலத்தின் அடியில் கலந்துவிடுங்கள். பேருந்தில் செல்பேசி வழியே கேட்பவருக்கும் உங்கள் வாசிப்பு போய்ச்சேரும்.

கடற்காற்றில் தந்திகள் விரைவில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையில் வைத்துவிடுங்கள்.

மேடைக்கு, புதுச்சேரியில் ஜூன் 21ஐ ஒட்டி நடைபெறும் இசைத் திருநாள் நல்ல வாய்ப்பு. பிரான்சில் 1982இல் தொடங்கிய அந்த வழக்கம் இங்கும் வேரூன்றியிருக்கிறது. ஆரோவில்லில் பல நாட்டு இசைக்கலைஞர்கள் பழகக் கிடைக்கிறார்கள். கூலிக்கு வாசிக்கும் வேலை சென்னையில்தான் அதிகம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரத் தொலைவுதான் என்பதால் வீட்டைக் காலி செய்யத் தேவையில்லை.

தயாரிப்பாளராகும் நாளில் உரிமைகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இசையமைப்புக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை என இந்தியச் சட்டம் பிரித்தே பார்க்கிறது. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். இசையமைப்பாளர்கள், படைப்புரிமைத் தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி ராயல்டி பெறலாம். கூத்துக் கலைஞர் ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அழைத்துக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் பாடிய மெட்டைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை, வருமானத்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, மைக்கை இயக்குவதற்கு முன்பே இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.