வேலைத்தலத்து இலவச உளவளத்துணை: நாங்கள் விடும் பிழைகள்

கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது நியமனக் கடிதத்தோடு ஒரு சின்ன அட்டையும் தந்தார்கள். ஒரு தொலைபேசி இலக்கம், ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஏதோ காப்புறுதி அட்டை என்று நினைத்து இரண்டு வருடம் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்று மாதம் சரியான நித்திரை இல்லாமல் அலைந்த பிறகுதான், அது உளவளத்துணைக்கான, அதாவது மனக்கஷ்டத்தைப் பயிற்சி பெற்ற ஒருவரோடு பேசி ஆறுதல் தேடுவதற்கான அட்டை என்று ஒரு அக்கா சொன்னா.

இதற்கு ஊழியர் உதவித் திட்டம் என்று பெயர். நிறுவனம் வெளியிலுள்ள ஒரு உளவளத்துணைச் சேவையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஊழியர்கள் பேசுவதற்கான செலவைத் தானே கட்டும். 1940களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் குடியில் விழுந்த வேலையாட்களை மீட்க ஆரம்பித்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது. வன்னியில் இது சர்வதேசத் தொண்டு நிறுவனங்களிலும் பெரிய தனியார் கம்பனிகளிலும்தான் இருக்கக் கூடும். எங்கள் ஆட்கள் இதைத் தொடாமல் விடுவதற்குக் கூச்சம் ஒரு காரணம். “எனக்கென்ன விசரா?” என்ற கேள்வி இன்னொன்று. நித்திரை வராதவரும், மேலதிகாரியின் ஏச்சைக் கேட்டுக் கேட்டுச் சாப்பாடு இறங்காதவரும் போகிற இடம் இது. நிறுவனம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே காசு கட்டிவிடும். நீங்கள் போகாமல் விடுவதால் நிறுவனத்துக்குக் காசு மிச்சம் இல்லை.

அடுத்த பிழை, மனேஜரிடம் போய் “நான் பேசலாமா?” என்று கேட்பது. அனுமதி தேவையில்லை. இலக்கம் தெரியாவிட்டால் மனிதவளப் பிரிவில் “எல்லா ஊழியருக்குமான அந்த இலக்கத்தைத் தாருங்கள்” என்று மட்டும் கேளுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். நீங்களாகவே அழைத்தால் நிறுவனத்துக்கு வழக்கமாகப் போவது மொத்தக் கணக்குத்தான்: இந்தக் காலாண்டில் இத்தனை பேர், இத்தனை அமர்வு. பெயர் போகாது. ஆனால் வேலையில் பிரச்சினை வந்து மேலதிகாரியே எழுத்தில் அனுப்பினால் கதை வேறு. அங்கே நீங்கள் போனீர்களா இல்லையா என்ற விபரம் திரும்பிப் போகக்கூடும். ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட முன்னர், யாருக்கு எது போகும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, சிறுவர் துஷ்பிரயோகம், நீதிமன்றக் கட்டளை ஆகியவை வந்தால் எந்த உளவளத்துணையாளரும் முழு இரகசியம் காக்க முடியாது. இதை முதல் அமர்விலேயே அவர்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

வன்னியில் இரகசியத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. இங்கே ஆளை ஆள் தெரியாத ஊர் எது? பரந்தனில் ஒருவரிடம் பேசினால் அவர் உங்கள் சித்தியின் மருமகளோடு படித்தவராக இருப்பார். அதனால்தான் பலர் போய்விட்டுப் பாதியை மறைத்துப் பேசுகிறார்கள், நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். மாவட்டத்துக்கு வெளியே இருக்கிற ஒருவரைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ தரச்சொல்லிக் கேட்கலாம். பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். அதைவிட முக்கியம் மொழி. முதலில் எடுப்பவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கதைத்தால், தெரிந்த ஆங்கிலத்தில் சமாளிக்கப் பார்க்காதீர்கள். “தமிழ் கதைக்கிற ஆள் வேண்டும்” என்று சொல்லிக் காத்திருங்கள். அழுகை வருகிற இடத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க ஏலாது. முதலில் எடுப்பவர் வெறுமனே பெயர் பதிகிற ஆள்தான், உளவளத்துணையாளர் இல்லை. அவரிடமே முழுக்கதையையும் கொட்டிவிட்டு, பிறகு திரும்பச் சொல்லக் களைத்துப்போய் விட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

பேசுகிற இடத்தையும் முன்பே பார்த்து வையுங்கள். ஒரே அறையுள்ள தகர வீட்டில் மாமியார் பக்கத்தில் இருக்க, மழையும் கொட்டினால் எதைப் பேசுவது? காரியாலயத் தொலைபேசியும் வேண்டாம்.

ஆகப்பெரிய பிழை, கிடைக்கிற அமர்வுகளை எதற்குச் செலவழிப்பது என்று யோசிக்காமல் போவது. பெரும்பாலான திட்டங்களில் மூன்று முதல் எட்டு அமர்வுதான். சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தானே இத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். தண்ணீர் தெரியாமல் விதைக்கிற ஆள் உண்டா? அமர்வும் அப்படித்தான். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் தாயைப் பறிகொடுத்த ஒருவர், அந்த முழுத்துயரத்தையும் ஆறு அமர்வில் திறந்து மூட முடியாது. திறந்துவிட்டு மூடாமல் விட்டால் முன்னையதைவிட மோசமாகும். ஒரு உளவளத்துணையாளர் எனக்குச் சொன்னது: “இப்போதைக்கு நித்திரையைப் பிடிப்போம்.” அந்த நேரம் எரிச்சல் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. நீண்ட சிகிச்சை தேவைப்பட்டால் அமர்வுகள் பாதி முடியும்போதே “இதற்குப் பிறகு எங்கே போவது?” என்று கேளுங்கள். கடைசி நாள்வரை பார்த்திருக்காதீர்கள். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, அங்கே பணம் கட்டத் தேவையில்லை. மருந்து வேண்டுமென்றாலும் அங்கேதான். உளவளத்துணையாளர் மருந்து எழுதமாட்டார். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் உண்டு. சாக வேண்டும் போல இருக்கிறது என்றால் அமர்வுக்குத் திகதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம், அல்லது கிட்டிய வைத்தியசாலைக்கு உடனே போங்கள்.

மருத்துவ லீவு எடுக்க அமர்வுக் கடிதம் போதும் என்று நினைப்பதும் பிழை, அதற்கு வைத்தியரின் சான்றிதழ் வேண்டும். மனைவி, கணவன், பிள்ளைகளுக்கும் பல திட்டங்களில் இடம் உண்டு. கடன் நெருக்கடிக்கோ காணிச் சிக்கலுக்கோ சட்ட, நிதி ஆலோசனை தருகிற திட்டங்களும் இருக்கின்றன. நுண்கடன் தவணை வருகிற நாளில் நெஞ்சு அடிக்கிற அக்காமாருக்கு அந்தப் பகுதிதான் உதவக்கூடும். ஆனால் அதைப் பற்றி ஒருவர் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கடைசியாக ஒப்பந்தத் திகதி. இங்கே தொண்டு நிறுவனத்து வேலைகள் திட்டம் முடிய முடிந்துவிடும், அட்டையும் அதோடு போய்விடும். சில இடங்களில் சில வாரம் தள்ளித் தருவார்கள், முன்கூட்டியே கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு அமர்வு மிச்சம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்து அடுத்த மாதம் அழைத்தேன். அழைப்பை எடுத்த பிள்ளை நல்ல தமிழில், மரியாதையாக, என் பெயர் பட்டியலில் இல்லை என்று சொன்னா.