பிரஷ் கட்டர் பிளேடைப் பூட்டும் முன் சமநிலை பார்க்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் இரு பருவமழையும் பெய்வதால் அடிக்காடு விரைந்து வளர்கிறது. அதைப் பிரஷ் கட்டரால் (நீண்ட தண்டின் முனையில் பிளேடு சுழலும் புதர்வெட்டும் இயந்திரம்) வெட்டும்போது, புல்லுக்குள் மறைந்து கிடக்கும் கல்லிலோ, அடிக்கட்டையிலோ, பால் சிரட்டையைத் தாங்கிய பழைய கம்பியிலோ பிளேடு மோதுவது வழக்கம். ஆகவே பலத்த அடி பட்டபோதும், ஒவ்வொரு முறை தீட்டிய பிறகும் பிளேடைச் சோதித்தே பூட்ட வேண்டும்.

எஞ்சினை அணைத்து, பிளேடு முழுவதும் நின்ற பின் ஸ்பார்க் பிளக் வயரை உருவிவிட்டு, தடித்த கையுறையுடன் கழற்றுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் நட்டு இடதுமரை கொண்டது. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

விரிசலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மண்ணையும் பசையையும் கழுவித் துடைத்து, நடுத்துளையின் ஓரத்தையும் பற்களின் அடிமூலைகளையும் நல்ல வெளிச்சத்தில் நோக்குங்கள். கம்பியில் தொங்கவிட்டு ஸ்பேனரால் மெல்லத் தட்டினால் நல்ல பிளேடு மணிபோல் ஒலிக்கும்; ஒலி மங்கினால் ஐயப்படுங்கள். விரிசல் விட்டதைப் பற்றவைப்பதும், வளைந்ததைத் தட்டி நிமிர்த்துவதும் உயிருக்கே ஆபத்து. அத்தகைய பிளேடை வேறொருவர் எடுத்துப் பூட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

சுவரில் அடித்த ஆணியில் பிளேடை மாட்டிச் சமநிலை பார்ப்பவர்கள் பலர். பெரிய கோளாறு அதில் தெரியும்; ஆனால் ஆணியின் உராய்வு சிறிய வேறுபாட்டை மறைத்துவிடும். கிரீஸைக் கழுவி நீக்கிய பழைய பேரிங்கின் மேல், உங்கள் பிளேடின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் புஷ் (உலோக வளையம்) ஒன்றை (பல பிளேடுகளில் துளை 25.4 மி.மீ.) லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்வதே சிறந்தது என்பேன். அதில் பிளேடைச் செங்குத்தாகப் பொருத்தி, ஒவ்வொரு பல்லையும் மேலே நிறுத்திக் கையை எடுங்கள். எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நின்றால் சமநிலை சரி. ஒரே பல் மீண்டும் மீண்டும் கீழே இறங்கினால், அதன் வெட்டு விளிம்பை அரத்தால் சில இழுப்புகள் ராவி மறுபடியும் பாருங்கள். கிரைண்டரில் சூடேறி நீலம் பாய்ந்த விளிம்பு தன் கடினத்தன்மையை இழந்துவிடும். பல்லின் அடியிலுள்ள வளைவைக் கூர்மூலையாக்கினால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: பிளேடு நிமிடத்துக்கு 7000 முறை சுழலும்போது, மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி ஒரே ஒரு கிராம் கூடியிருந்தாலும் அது ஏறத்தாழ 6.5 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் வெளியே இழுக்கும். அந்த அதிர்வைத்தான் நாள் முழுவதும் கியர்பாக்ஸும், பிடித்திருப்பவரின் விரல்களும் தாங்குகின்றன.

பூட்டும்போது அடாப்டரின் (பிளேடைத் தாங்கும் வட்டத் தகட்டின்) மேடு நடுத்துளைக்குள் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். சற்று விலகினாலும் பார்த்த சமநிலை வீண். தேய்ந்த நட்டை மாற்றிவிடுங்கள். கையால் சுற்றி, ஒவ்வொரு பல்லின் நுனியும் ஒரே உயரத்தில் கடக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு முகக்கவசம் அணிந்து, சுற்றிலும் 15 மீட்டர் தொலைவுக்குள் யாரும் இல்லாதபோது இயக்கிப் பாருங்கள். சோதித்த பிளேடிலும் அதிர்வு நீடித்தால், கோளாறு கியர்பாக்ஸ் பேரிங்கிலோ அச்சிலோ இருக்கலாம். அதைப் பழுதுபார்க்கும் வரை வெட்டத் தொடங்க வேண்டாம்.