வாட்ஸ்அப்பில் தொனி தவறாமல் எழுத: முதலில் சொல், பிறகு பொம்மை

பொள்ளாச்சியில் வீட்டு முன்னறையில் ப்ளவுஸ் தைக்கிறேன். ஆர்டர், கழுத்து டிசைன், டெலிவரி தேதி, பாக்கிப் பணம் எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப்பில்தான். நேரில் என்றால் முகமும் குரலும் பார்த்துக்கொள்ளும். எழுத்தில் அது இல்லாததால்தான் பொம்மை (இமோஜி) போடுகிறோம். அதை எப்படிப் போடுவது என்று ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்த பிறகே யோசித்தேன்.

போன தை மாதம், முகூர்த்த நேரம். ஒரு அக்கா மூன்றாவது முறையாக 'இன்னைக்குக் கிடைக்குமா?' என்று கேட்டார். நான் 'நாளைக்குத்தான் சொன்னேன் 🙂' என்று அனுப்பினேன். கோபமே இல்லை, சிரிப்பு வேறு போட்டிருக்கிறேன் என்று என் நினைப்பு. நான் நக்கல் செய்ததாக அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த துணியை வேறு கடையில் கொடுத்துவிட்டார்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் அந்தச் செய்தியைப் பார்த்ததும், "இது உதட்டுச் சிரிப்பும்மா, எங்க செட்டுல இதைக் கோபத்துக்குப் போடுவோம்" என்றாள். போனைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். 🙂 இதில் கண் இரண்டும் வெறும் புள்ளி, வாய் மட்டும் லேசாக வளைந்திருக்கும். 😊 இதில் கண்ணும் சேர்ந்து வளையும், கன்னத்தில் சிவப்பு இருக்கும். மனசார இருக்கிறோம் என்று காட்ட இரண்டாவதுதான் சரி. கண் சிரிக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

ஆனால் பொம்மையை மாற்றினால் மட்டும் போதாது. அந்தச் செய்தியில் குத்தியது 'தான்'. 'நாளைக்குத்தான் சொன்னேன்' என்றால் 'உனக்கு எத்தனை தடவை சொல்வது' என்று அர்த்தமாகிவிடுகிறது. அதற்குப் பின்னால் எந்த முகத்தை வைத்தாலும் குத்து குத்துதான். இப்போது, 'நாளைக்குக் காலைல ரெடியா இருக்குங்க்கா 😊' என்று எழுதுகிறேன். தமிழில் பாதித் தொனி சொல்லின் வாலில் இருக்கிறது. 'சரி' என்றால் வெட்டு, 'சரிங்க' என்றால் மரியாதை, 'சரி கண்ணு' என்றால் பாசம். எங்கள் கொங்குப் பக்கம் 'ங்க' இல்லாமல் வந்த செய்தியை, மனஸ்தாபம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் முதலில் வாலைச் சரிசெய்யுங்கள். வால் சொல்லாததைச் சொல்ல மட்டும் ஒரு பொம்மை, வரியின் கடைசியில்.

விளையாட்டுப் பேச்சுக்கு இது கட்டாயம் வேண்டும். இந்தப் பழக்கம் பிறந்ததே அதற்காகத்தான். 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் சிந்தியிருக்கிறது என்று, எல்லோரும் படிக்கும் கணினி அறிவிப்புப் பலகையில் யாரோ எழுதிய கேலியைச் சிலர் நிஜ எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். கேலி என்று தெரிய ஒரு குறி வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, ஸ்காட் ஃபால்மன் என்ற ஆசிரியர் செப்டம்பர் 19 அன்று :-) என்பதைச் சொன்னார். தலையைச் சாய்த்துப் படித்தால் சிரித்த முகம். 'உங்க ப்ளவுஸை நானே போட்டுக்கப் போறேன்' என்று நான் எழுதினால், பின்னால் 😄 இருந்தே ஆகணும். இல்லாவிட்டால் கேட்டவருக்குத் திக்கென்று இருக்கும்.

வயதானவர்களுக்கு 😂 பெரிய பொறி. கண்ணீர் வருவதால் அழுகை என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் சொந்தக்காரர் குழுவில் ஒரு சாவுச் செய்திக்குப் பெரியம்மா ஒருவர் இதைப் போட்டுவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தேகம் வந்தால் அந்தப் பொம்மையை மட்டும் தனியாக உங்கள் எண்ணுக்கே அனுப்பிப் பாருங்கள். தனியாகப் போனால் பெரிதாகத் தெரியும், வாய் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பளிச்சென்று புரியும். சாவுக்கு நான் பொம்மையே போடுவதில்லை. இரண்டு வரி எழுதுவேன், முடிந்தால் போன் செய்வேன்.

பணம் கேட்கும்போதும் சிரித்த முகம் வேண்டாம். குத்திக்காட்டுவது போலவும் படும், கூச்சப்படுவது போலவும் படும். 'பாக்கி 450 ரூபாய் இருக்குங்க, முடியறப்போ அனுப்பிடுங்க 🙏' என்பதே போதும்.

வரிசையாகப் பத்துப் பூ, பத்து இதயம் போடுபவர்கள் ஒன்று கவனிக்கணும். என்னிடம் தைக்கும் ஒரு அம்மிணிக்குப் பார்வை இல்லை. அவருடைய போன், வந்த செய்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டும், ஒவ்வொரு பொம்மையின் பெயரையும் சேர்த்து. நடு வரியில் நான் போட்ட இதயங்களைத் தாண்டி டெலிவரி தேதியைப் பிடிக்க அவர் பட்ட பாட்டை என் எதிரிலேயே கேட்டேன். அன்றிலிருந்து அவருக்குத் தேதி முதலில், பொம்மை ஒன்றே ஒன்று, கடைசியில்.

தவறாகப் போய்விட்டால் பதறி அழிக்காதீர்கள். அழித்த தடம் அங்கேயே நிற்கும், என்ன எழுதினாளோ என்று தோன்றும். அனுப்பி 15 நிமிடத்துக்குள் என்றால் செய்தியை அழுத்திப் பிடித்துத் திருத்திவிடலாம். நேரம் தாண்டிவிட்டால் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, நான் அப்படி நெனச்சு எழுதலைங்க்கா."