ஒன்றரை வயசுப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது?

மூளை வளர்ச்சி பொம்மை என்று ஆன்லைனில் ஆர்டர் போடப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. மூன்று வயசுக்குள் பிள்ளைக்கு முக்கியமாக வேண்டியது, அது ஏதாவது செய்தால் பதிலுக்கு ஏதாவது செய்கிற ஒரு ஆள். அம்மா ஷூ கம்பெனிக்குப் போய்விட்டால் ஆயா (பாட்டி) செய்யலாம், அப்பாவும் தப்பிக்க முடியாது.

1. முதலில் சும்மா பாருங்கள். அதன் கண் எங்கே போகிறதோ அதுதான் இன்றைய பாடம். காய்கறிப் பையைக் கவிழ்த்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயை எடுத்துவிட்டதா, சரி, காம்பில் இருக்கிற முள்ளைக் கிள்ளிவிட்டு அதையே கையில் கொடுங்கள்.

2. "காய்" என்று பெயர் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான், நாமே கேள்வி கேட்டு நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம். பிள்ளை "கா" என்றாலும், கையை நீட்டினாலும், அது பதில்தான்.

3. அதோடு ஒரு சொல் சேருங்கள்: "ஊதா காய்." நாளைக்கு "பெரிய காய்." திருத்த வேண்டாம், சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும்.

4. டம்ளருக்குள் ஸ்பூனைப் போட்டு எடுக்க விடுங்கள், எத்தனை முறை போட்டாலும். மல்லாட்டை (வேர்க்கடலை), புளியங்கொட்டை, பட்டன் பேட்டரி மட்டும் கிட்டவே வரக்கூடாது; தொண்டையில் சிக்கும்.

செல்போன்? வேலூர் மே மாச வெயிலில் மத்தியானம் வெளியே விட முடியாது, புரிகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே, ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயசில் அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டது. செல்போனுக்குப் பதிலாக அகலமான பேசினில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி விளையாட விட்டு, நீங்களும் பக்கத்திலேயே உட்காருங்கள், எழுந்து போகாதீர்கள்.

இதெல்லாம் வேலைக்கு ஆகுமா என்பவர்களுக்கு: 1980-களில் ஜமைக்காவில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஏழைக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் போய், வீட்டில் செய்த பொம்மைகளை வைத்து விளையாட அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், அந்தப் பயிற்சி கிடைக்காத அதே மாதிரி பிள்ளைகளைவிட இவர்கள் சம்பாதித்தது சுமார் 25 சதவீதம் அதிகம்.

ஒன்றரை வயசாகியும் நடக்கவில்லை, இரண்டு முடிந்தும் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்" என்று ஆயா சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிற வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலோ காட்டுங்கள், காது கேட்கும் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.