வேர்டில் படங்கள் இடம் மாறாமல் நிற்க: ரிப்போர்ட் எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருப்போம். ஏழாம் பக்கத்துப் படம் நழுவி எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும். அதன் தலைப்பு மட்டும் பழைய இடத்திலேயே தனியாக நிற்கும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய முந்தின இரவில் நிறைய மாணவர்கள் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். படத்தை மிதக்க விடாமல், ஒரு எழுத்தைப் போல வரிக்குள்ளேயே நிறுத்தப் பழகிவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. முதலில் படத்துக்கென்று ஒரு ஸ்டைல்

ஸ்டைல் என்பது ஒரு பத்தியின் அமைப்புகளை ஒரே பெயரில் சேர்த்து வைப்பது. படத்தைச் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஹோம் டேபில் ஸ்டைல்ஸ் பகுதியின் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் ஒரு பட்டியல் திறக்கும்; அதன் அடியில் நியூ ஸ்டைல் பொத்தான். பெயர் ‘படம்’ என்று கொடுங்கள். ‘ஸ்டைல் ஃபார் ஃபாலோயிங் பாராகிராஃப்’ என்ற இடத்தில் கேப்ஷன் (படத்தின் தலைப்பு) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு கீழே ஃபார்மட், அதில் பாராகிராஃப். அலைன்மென்ட் சென்டர், இன்டென்ட் பூஜ்யம், லைன் ஸ்பேசிங் சிங்கிள். அடுத்த டேபான ‘லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்’ உள்ளே போய் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ என்பதை டிக் செய்யுங்கள். படம் ஒரு பக்கத்திலும் தலைப்பு மறுபக்கத்திலும் பிரிந்து போகாமல் பிடித்து வைப்பது இந்த டிக்தான்.

2. படத்தைச் சேர்ப்பது

ஒரு புது வரியைத் தொடங்கி, ‘படம்’ ஸ்டைலைக் கொடுங்கள். இன்சர்ட், பிக்சர்ஸ், திஸ் டிவைஸ் என்று போய்ப் படத்தை எடுங்கள். படத்தைக் கிளிக் செய்தால் அதன் வலது மேல் ஓரத்தில் லேஅவுட் ஆப்ஷன்ஸ் என்ற சின்னப் பொத்தான் வரும். அதில் ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ இருக்க வேண்டும். ஸ்கொயர், டைட் எல்லாம் சுற்றி எழுத்து ஓடுவதற்கானவை. விழா மலரில் ஒருவரின் சின்னப் புகைப்படத்தைக் கட்டுரைக்குள் வைக்க ஸ்கொயர் நன்றாக இருக்கும். ரிப்போர்ட்டுக்கு அது வேண்டாம். ‘பிஹைண்ட் டெக்ஸ்ட்’ கொடுத்து, படத்தைக் கிளிக்கே செய்ய முடியாமல் மாட்டிக்கொண்டால், ஹோமில் எடிட்டிங் பகுதியில் உள்ள செலக்ட், அதில் செலக்‌ஷன் பேன். அங்கே படத்தின் பெயரைத் தொட்டாலே பிடிபட்டுவிடும்.

3. படம் ஒரு கீற்றாக மட்டும் தெரிகிறதா?

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்களில் வரிகளுக்கு நடுவே இடைவெளி கூடுதலாகத் தெரிவதால், லைன் ஸ்பேசிங்கை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்து 18, 20 பாயின்ட் கொடுத்து இறுக்கிவிடுகிறோம். வரிக்குள் நிற்கும் படத்துக்கும் அதே உயரம்தான் கிடைக்கும். 20 பாயின்ட் உயரத்துக்கு ஒரு கீற்று தெரியும், மீதி மறைந்துவிடும். படம் கெட்டுப் போகவில்லை, அழித்துவிட்டுத் திரும்பச் சேர்க்கவும் வேண்டாம். அந்த வரிக்கு ‘படம்’ ஸ்டைலைக் கொடுத்தால் ஸ்பேசிங் சிங்கிளாகி முழுப் படமும் வந்துவிடும்.

4. அளவும் வெட்டுவதும்

எப்போதும் மூலையில் உள்ள புள்ளியைப் பிடித்து இழுங்கள். பக்கவாட்டுப் புள்ளியை இழுத்தால் ஆள் குண்டாகவோ ஒல்லியாகவோ ஆகிவிடுவார். கையால் இழுப்பதைவிட பிக்சர் ஃபார்மட் டேபின் வலது கோடியில் அகலத்தை எண்ணாகவே கொடுப்பது நல்லது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. பைண்டிங்குக்காக இடது ஓரம் 4, வலது ஓரம் 2.5 விட்டால் மிச்சம் 14.5 செ.மீ. எல்லாப் படங்களுக்கும் 12 செ.மீ. என்று ஒரே அகலம் வைத்தாலே ரிப்போர்ட்டுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிடும்.

க்ராப் செய்யும்போது ஒன்றை மறக்க வேண்டாம். வெட்டிய பகுதி கண்ணுக்கு மறைகிறதே தவிர, கோப்பிலிருந்து போவதில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கு எண்ணையோ ஆதார் எண்ணையோ வெட்டிவிட்டு அனுப்பினால், கோப்பைப் பெற்றவர் அதைத் திரும்ப விரித்துப் பார்க்க முடியும். அதனால் பிக்சர் ஃபார்மட்டில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் போய், ‘டெலீட் க்ராப்ட் ஏரியாஸ்’ டிக்கோடு ஓகே கொடுங்கள். எல்லாப் படங்களுக்கும் சேர்த்துச் செய்ய, ‘அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அதே பெட்டியில் 220 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு) என்பது அச்சுக்கு, 96 மின்னஞ்சலுக்கு. போன் கேமரா படங்களால் வீங்கிப்போன கோப்பும் இதில் நன்றாக இளைத்துவிடும்.

5. தலைப்பும் எண்ணும்

‘படம் 1’, ‘படம் 2’ என்று கையால் அடிக்கவே அடிக்காதீர்கள். படத்தின் மேல் ரைட் கிளிக், இன்சர்ட் கேப்ஷன், நியூ லேபிள். அதில் ‘படம்’ என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், எண்ணை வேர்டே போட்டுக்கொள்ளும். கட்டுரைக்குள் ஒரு படத்தைக் குறிப்பிட ரெஃபரன்ஸஸ் டேபில் கிராஸ்-ரெஃபரன்ஸ், அதில் ‘ஒன்லி லேபிள் அண்ட் நம்பர்’. நடுவில் ஒரு படத்தை எடுத்தாலோ இடம் மாற்றினாலோ கன்ட்ரோல்+ஏ, அப்புறம் எஃப்9. எண்கள் எல்லாம் சரியாகிவிடும்.

கேப்ஷன் ஸ்டைல் வழக்கமாக இட்டாலிக்கில் வரும். சாய்ந்த தமிழ் எழுத்து பார்க்க நன்றாக இல்லை. ஸ்டைலை மாடிஃபை செய்து அதை எடுத்துவிடுங்கள். அங்கே எழுத்தளவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறவில்லை என்றால், ஃபார்மட், ஃபான்ட் போய் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியிலும் அதே அளவைக் கொடுக்க வேண்டும்.

6. இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில்

ஸ்பேஸ் தட்டித் தட்டி நகர்த்த வேண்டாம். இரண்டு கட்டமுள்ள ஒரு டேபிள் போட்டு, டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸ் உள்ளே ‘ஆட்டோமேட்டிகலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்’ டிக்கை எடுங்கள். கட்டத்துக்கு ஒன்றாகப் படத்தை வையுங்கள். பார்டர் நோ பார்டர்.

7. பிடிஎஃப்

ஜெராக்ஸ் கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் மாறி, பக்கங்களும் மாறும். எனவே வேர்டு கோப்போடு போகாதீர்கள். சேவ் ஆஸ் கொடுத்து பிடிஎஃப் தேர்ந்தெடுக்கும்போது ‘ஸ்டாண்டர்ட்’ இருக்கட்டும். ‘மினிமம் சைஸ்’ கொடுத்தால் படங்களின் தரம் குறையும். சேவ் ஆன பிடிஎஃபைத் திறந்து, படமும் தலைப்பும் எல்லாப் பக்கத்திலும் சேர்ந்தே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு பென் டிரைவில் போடுங்கள்.