ரெயின்மீட்டர் விட்ஜெட்டில் தமிழ் குப்பையாக வந்தபோது
ரெயின்மீட்டர் என்பது விண்டோஸ் திரையில் சிறு தகவல் பெட்டிகளை (விட்ஜெட்) காட்டும் மென்பொருள். திருகோணமலைக் கடற்கரைப் படத்தோடு அதில் செய்த விட்ஜெட், என் திரையில் அழகாக நின்றது. உப்புவெளியில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினால், ‘இன்று’, ‘மழை’ எல்லாம் குப்பை. மூன்று நாள் போனது.

எழுத்துரு இல்லையென்று நினைத்து, அதை விட்ஜெட்டின் துணைக் கோப்புகள் இருக்கும் அட்-ரிசோர்சஸுக்குள் (@Resources) ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் வைத்தேன். மாற்றமில்லை. ரெயின்மீட்டரை அழித்து மீண்டும் நிறுவியும் பலனில்லை.

குப்பையை உற்றுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எண்கள் சரி, தமிழ் மட்டும், தலையில் கோடு போட்ட ரோமன் ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று திரும்பத் திரும்ப வந்தது. எழுத்துரு இல்லாவிட்டால் வெற்றுப் பெட்டி வரும், இல்லையேல் வேறு எழுத்துருவில் தமிழே வரும். இது என்கோடிங் பிழை, அதாவது எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறையில் வந்த பிழை. யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். அவை தனித்தனி எழுத்தாக வாசிக்கப்பட்டிருக்கின்றன.

பகிர்வதற்காக, விட்ஜெட்டின் வரிகள் உள்ள ஐஎன்ஐ (.ini) கோப்பைப் புதிய நோட்பேட் கோப்பில் ஒட்டிச் சேமித்திருந்தேன். அது தானாகவே யூடிஎஃப்-8 ஆகிவிட்டது. ரெயின்மீட்டருக்குத் தமிழ் உள்ள ஐஎன்ஐ கோப்பு யூடிஎஃப்-16 எல்ஈ என்ற வேறு முறையில் இருக்கவேண்டும். என் திரையில் ஓடியது பழைய பிரதி, அதனால் தெரியவில்லை.

‘சேவ் அஸ்’ போய், கீழே என்கோடிங்கில் யூடிஎஃப்-16 எல்ஈ தெரிவுசெய்து சேமித்தேன். அதற்குள் இன்க்ளூட் செய்து சேர்த்த ஐஎன்சி (.inc) கோப்புக்கும் அதே வேலை. அதை விட்டால் பாதி குப்பை மிஞ்சும். படத்தின் பாதையில் என் கணினியின் சி டிரைவ் முகவரிக்குப் பதில், அட்-ரிசோர்சஸைக் குறிக்கும் #@# போட்டேன். பிறகு ‘மேனேஜ்’ சாளரத்தில் ஆர்எம்ஸ்கின் (.rmskin) என்ற ரெயின்மீட்டர் நிறுவல் பொதியாக்கி அனுப்பினேன். நண்பரின் திரையிலும் ‘மழை’ மழையாகவே வந்தது.